பத்தொன்பதாம் எண்ணின் பிறந்த தேதி

பெயர்: தங்கராஜு த/பெ சின்னையா. வயது: 77. தொழில்: தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்), ஓய்வு பெற்றவர். முகவரி: எண் 14, மூன்றாம் குறுக்குச் சாலை, புக்கிட் காத்தில், மலாக்கா. வாக்குமூலம் தரும் மொழி: தமிழ். பதிவு செய்பவர்: காவல்துறை சார்ஜன் நிர்மலாதேவி. நாள்: 17.10.2024, வியாழக்கிழமை. தொடங்கிய நேரம்: காலை 10.05.

என் அடையாள அட்டையில் பிறந்த நாள் 11.6.1947 என்று உள்ளது. அது பிழை. நான் பிறந்தது 12.6.1947, வியாழக்கிழமை, விடியற்காலை 3.40 மணிக்கு. இதைக் குறிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதன் பேரில் இங்கே குறிக்கப்படுகிறது.

13.10.2024 அன்று கண்காட்சிக் கூடத்தில் நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று சார்ஜன் கூறினார். தேதி வரிசைப்படி சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார்.

நான் 1.4.1966 அன்று புக்கிட் மெர்பாவ் தோட்டத்து அலுவலகத்தில் இளநிலைக் கிராணியாகச் சேர்ந்தேன். 1.1.1979 முதல் பெரிய கிராணி. ஒவ்வொரு நாளும் விடியுமுன் அலுவலகத்தின் முன்னால் பெரட்டு நடக்கும். வேலையாட்கள் வரிசையில் நிற்க, நான் மேசையில் விளக்கை வைத்துக்கொண்டு செக்ரோல் புத்தகத்தில் இருக்கும் பெயர்களை வாசிப்பேன். “இருக்கேன்” என்று குரல் வந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவேன். குரல் வராவிட்டால் வட்டம். தோட்டத்தில் பிறக்கும் குழந்தைகளின் விவரத்தைப் படிவத்தில் நிரப்பி, பதிவதற்காகப் பதினான்கு நாள்களுக்குள் பட்டணத்துக்கு அனுப்புவதும் என் பொறுப்பு.

18.8.1984 சனிக்கிழமை காலை, இரண்டாம் பிரிவில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குடியிருந்து ரப்பர் மரம் சீவும் காளிமுத்து என்பவர் அலுவலகத்துக்கு வந்து, தமக்கும் மனைவி வேலாயிக்கும் ஆண் குழந்தை பிறந்திருப்பதாகவும், பெயர் காந்தன் என்றும் சொன்னார். பிறந்த நாளைக் கேட்டேன். எட்டாம் தேதி புதன்கிழமை என்றார். அவர் கொண்டுவந்த மருத்துவச்சி மீனம்மாவின் சீட்டில் 9.8.1984, வியாழக்கிழமை, காலை மணி 4.10 என்று இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று நான் சொன்னேன்.

“விடியலீங்களே சார். விடியாட்டி அது முந்தின நாளுதானே?” என்றார் காளிமுத்து.

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்பது எங்கள் வீட்டிலும் உள்ள கணக்குதான். ஆனால் நான், “அதெல்லாம் உங்க லயத்துக்கணக்கு. ஆபீசுல ராத்திரி பன்னெண்டு அடிச்சா அடுத்த நாள். மீனம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரே தேதியோட வா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை ஒருமையில் அழைத்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அதன் பின்னர் 22.8.1984 புதன்கிழமை பிற்பகல் காளிமுத்து மறுபடியும் வந்தார். பதினான்கு நாள் கெடு முடிய ஒரு நாள் இருந்தது. மீனம்மா மகளைப் பார்க்கத் தம்பின் என்ற ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தவர், வாசலில் நின்று அதை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“நீங்க சொல்ற தேதியையே போட்டுக்குங்க சார். எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

நான் சொல்லும் தேதியை நான் எழுத முடியாது, தகப்பன் சொல்லித்தான் எழுத வேண்டும் என்று பதில் சொன்னேன். அப்படியானால் ஒன்பது என்றார். போன வாரம் எட்டு என்றவர் இன்று ஒன்பது என்றால் நாளைக்கு எது என்று கேட்டேன். அங்கிருந்த இரண்டு இளநிலைக் கிராணிகள் சிரித்தார்கள். காளிமுத்துவும் சிரித்தார். பிறகு போய்விட்டார்.

அதன் பின்னர் 2.9.1984 ஞாயிற்றுக்கிழமை, வேலையை மேற்பார்க்கும் மண்டோருடன் ஏற்பட்ட சச்சரவின் காரணமாகக் காளிமுத்து குடும்பத்துடன் பகாங் மாநிலப் பக்கம் போய்விட்டார். மறுநாள் பெரட்டில் அவர் பெயருக்கு வட்டம் போட்டேன். அரைகுறையாக நிரப்பிய படிவமும் மீனம்மாவின் சீட்டும் என் மேசை இழுப்பறையில் இருந்தன.

31.5.1999 திங்கட்கிழமை தோட்ட அலுவலகம் மூடப்பட்டது. இழுப்பறையைக் காலி செய்யும்போது அந்தப் படிவத்தைக் கண்டேன். குழந்தைக்கு அப்போது பதினான்கு வயது முடிந்து பதினைந்து நடந்துகொண்டிருக்க வேண்டும். வேறு எங்காவது பதிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பச்சைக் கோப்பில் வைத்தேன். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. குருபோங் பக்கத்தில் இரண்டாம் பிரிவு இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் வீடுகளும் இருக்கின்றன.

என் மனைவி பவானேஸ்வரி 22.1.2019 அன்று காலமானார். ஒரே மகள் வாணி ஜொகூரில் வேலை செய்கிறார். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு அழைப்பார். மேற்படி முகவரியில் நான் தனியாக வசிக்கிறேன்.

10.9.2024 செவ்வாய்க்கிழமை, பட்டணத்தில் இரத்தக் கொதிப்பு மருந்து வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆற்றோரத்தில் உள்ள பழைய அரிசிக் கிடங்கின் கதவு திறந்திருந்ததால் உள்ளே ஒதுங்கினேன். அங்கே 7.9.2024 முதல் ஒரு கண்காட்சி நடப்பதாகப் பலகை இருந்தது. பெயர் ‘பெரட்டு’. செய்தவர் குருபோங்கைச் சேர்ந்த ஷாந்தினி என்னும் பெண் கலைஞர்.

கிடங்கின் நடுவில் ஆளுயர உருவங்கள் முப்பத்தொன்று வரிசையில் நின்றன. வேலை தேடி இந்நாட்டுக்கு வந்தவர்களையும் வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களையும் நேரில் நிற்க வைத்து, அவர்கள் உடம்பின் மேலேயே வெள்ளைச் சாந்தைப் பூசி அச்செடுத்துச் செய்தவை என்று பலகையில் எழுதியிருந்தது. முகங்களில் கண்கள் மூடியிருந்தன. ஆடைகள் அவரவருடையவை. ஒவ்வோர் உருவத்தின் நெஞ்சிலும், ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்று கம்பியில் தொங்கியது. அதில் காதை வைத்தால் உள்ளிருக்கும் சிறு ஒலிபெருக்கியில் அந்த ஆளின் குரல் கேட்கும். கழுத்தில் ஓர் அட்டை: எண், ‘பெயர்: பதிவில் இல்லை’, ‘நாடு: பதிவில் இல்லை’. வரிசைகளுக்கு எதிரே ஒரு மேசை, ஒரு காலி நாற்காலி. மேசையில் ஒரு பதிவேடு விரித்திருந்தது. அதில் 1 முதல் 31 வரை எண்கள் மட்டும் இருந்தன. எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

வரிசைகள் பத்து, பத்து, பதினொன்று என்று இருந்தன. பெரட்டில் அப்படி நிறுத்துவதில்லை. மேசையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக நாற்காலியை நோக்கிப் போனேன். அங்கிருந்த பாதுகாவலர் திலகா என்ற அம்மையார், வயது ஐம்பதுக்கு மேல், முன்பு செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர், என்னைத் தடுத்தார்.

“அதுல உக்காராதீங்க லா ஐயா. அது ஆர்ட்டு.”

“காலி நாற்காலியா?”

“காலியா இருக்கிறதுதான் ஆர்ட்டாம். எனக்கு நாள் முழுக்க கால் கடுக்குது, என்னையே உக்கார விட மாட்டேங்கிறாங்க.”

அதன் பின்னர் நான் செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய நாள்களில் தவறாமல் அங்கே போனேன். நுழைவு இலவசம். என் நாள்குறிப்பின்படி மொத்தம் பதினான்கு முறை. அந்த நாள்களில் திலகாவையும் வாணியையும் தவிர வேறு யாருடனும் பேசியதாக நாள்குறிப்பில் இல்லை. நான் உள்ளே நுழைந்தால் திலகா உருவங்களைப் பார்த்து, “ஏய், எல்லாரும் நேரா நில்லுங்க, கிராணியாரு வந்துட்டாரு!” என்பார். நான் முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு மங்கிலும் காது வைத்துக் கேட்பேன். வங்காளம், நேபாளி, இந்தோனேசியா, பர்மா. பல எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றையும் முடியும்வரை கேட்டேன். ஒருவர் இருமினார். ஒருவர் ஏதோ எண்ணினார்.

19ஆம் எண்ணின் மங்கு மட்டும் பேசவில்லை. மின்கலம் தீர்ந்துவிட்டதாகத் திலகா சொன்னார். அந்த உருவம் மெலிந்த ஆள். பித்தான்கள் இரண்டு வேறு வேறு நிறத்தில் தைத்த நீலச் சட்டை போட்டிருந்தது. செருப்பின் வார் அறுந்து பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. பேசாததால் அதன் பக்கத்தில் நிற்பது எனக்கு எளிதாக இருந்தது. அங்கே சற்று அதிக நேரம் நிற்பேன். ஒருமுறை, இன்று மழை வரும் போலிருக்கிறது என்று அதனிடம் சொல்லியிருக்கிறேன்.

8.10.2024 செவ்வாய்க்கிழமை காலை 11.20க்குக் கலைஞர் ஷாந்தினி வந்து 19ஆம் எண்ணுக்கு மின்கலம் மாற்றினார். “ஐயா, நீங்கதான் முதல் ஆளு, கேளுங்க” என்றார். நான் காது வைத்தேன். குரல் தமிழில் இருந்தது. மூன்று முறை கேட்டதால் அது சொன்னதை அப்படியே இங்கே சொல்ல முடியும்:

“எம்பேரு காந்தன். அப்பா காளிமுத்து, அம்மா வேலாயி. மெர்பாவ் தோட்டம், ரெண்டாவது டிவிஷன், கடைசி லயம். பொறந்தது புதன்கிழமை, விடியறதுக்கு முன்ன. பொறப்புப் பத்திரம் இல்ல. தேதி சரியில்லன்னு கிராணி எங்கப்பாவத் திருப்பி அனுப்பிட்டாராம். அவரு பேரு எனக்குத் தெரியாது. எங்க போனாலும் எந்த ஊரு எந்த ஊருன்னு கேக்கறாங்க. இந்த ஊருதாங்க.”

அதன் பின்னர் நான் ஷாந்தினியிடம் இந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். காந்தன் மொத்தச் சந்தையின் பின்னால் படுத்திருந்தவர் என்றும், 3.3.2024 அன்று அவரை அச்செடுத்ததாகவும், சாந்து காயும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்றதற்கு ‘நிக்கிறது நமக்குப் பழக்கந்தான்’ என்று சொன்னதாகவும் அவர் கூறினார். 26.7.2024 அன்று நடந்த ஒரு சோதனையில் காந்தனிடம் ஆவணம் எதுவும் இல்லாததால் அவர் வெளிநாட்டவராகக் கருதப்பட்டுத் தடுப்பு முகாமில் இருக்கிறார் என்றும், 28.10.2024 அன்று அவரது வழக்கு விசாரணைக்கு வருகிறது என்றும் சொன்னார். தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்டார்கள். மருத்துவச்சியும் இல்லை. இங்கேதான் பிறந்தார் என்பதற்கு ஒரு சாட்சியாவது வேண்டும் என்று வழக்கறிஞர் தேடிக்கொண்டிருக்கிறார்.

“ஐயா, நீங்க தோட்டத்து ஆபீசுல இருந்தவருன்னு திலகாக்கா சொன்னாங்க. மெர்பாவ் தோட்டத்துல அப்ப கிராணியா இருந்தது யாருன்னு தெரியுமா?” என்று ஷாந்தினி கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன். அது பொய்.

அதன் பின்னர் வீட்டுக்கு வந்து பச்சைக் கோப்பை எடுத்தேன். படிவமும் சீட்டும் அதில் இருந்தன. 9ஆம் தேதி வெளியே போகவில்லை. 10ஆம் தேதி வியாழக்கிழமை, போக வேண்டிய நாளாக இருந்தும் போகவில்லை. 11, 12 தேதிகளில் நாள்குறிப்பில் எதுவும் எழுதவில்லை. 1966 முதல் அப்படி வெறுமையாக விட்ட நாள்கள் என் மனைவி இறந்த அன்றும் மறுநாளும் மட்டுமே.

13.10.2024 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3.10க்குக் கண்காட்சிக் கூடத்துக்குப் போனேன். பையில் கோப்பு இருந்தது. ஷாந்தினி இருந்தால் கொடுத்துவிடுவது என்று எண்ணியிருந்தேன். அவர் அன்று வரவில்லை. கூடத்தில் வேறு பார்வையாளர் யாரும் இல்லை. நான் வழக்கம்போல் முதல் வரிசையில் தொடங்கி 19ஆம் எண்ணிடம் வந்து ஒரு முறை கேட்டேன். அதன் பின்னர் மேசைக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லா முகங்களும் தெரிந்தன. பதிவேட்டில் 19ஆம் எண்ணுக்கு எதிரே, என் சொந்த மைப்பேனாவால், “காந்தன் த/பெ காளிமுத்து. பிறப்பு: 9.8.1984, காலை 4.10, புதன் இரவு விடியுமுன். புக்கிட் மெர்பாவ் தோட்டம், மலாக்கா” என்று எழுதினேன். கடைசியில் ஒரு கோடு போட்டேன். பிறகு எழுந்து போய் 19ஆம் எண்ணின் கழுத்து அட்டையில் இரண்டு இடங்களில் இருந்த ‘பதிவில் இல்லை’ என்பதை அடித்து, மேலே பெயரையும் ‘மலேசியா’ என்பதையும் எழுதினேன். இவற்றை நான் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாரும் தூண்டவில்லை. அந்தப் பதிவேடு வெறுமையாக இருப்பதுதான் அந்தக் கலைப்பொருளின் கருத்து என்பதும் எனக்குத் தெரியும். பலகையில் மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது.

திலகா ஓடிவந்து, “ஐயோ ஐயா, என்னா காரியம் செஞ்சீங்க! என் வேலை போயிடும் லா!” என்றார். அவர் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில்தான் நான் எழுதினேன். அவர்மீது எந்தத் தவறும் இல்லை என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டுகிறேன். அதன் பின்னர் அவர் அட்டையை வாசித்தார். மேசையருகே போய்ப் பதிவேட்டையும் வாசித்தார். பிறகு, தகவல் சொல்வது தன் கடமை என்று என்னிடம் சொல்லிவிட்டு, பொறுப்பாளர் யுவனேஸ்வரனைத் தொலைபேசியில் அழைத்தார். நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, “உக்காருங்க ஐயா. எப்படியும் கெட்டுப்போச்சு, அந்த நாற்காலியிலயே உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை.

யுவனேஸ்வரன் 4.00 மணிக்கு வந்து காவல் நிலையத்தில் புகார் செய்தார். ஷாந்தினி 4.35க்கு வந்தார். அவர் நேராகப் பதிவேட்டிடம் போய் வாசித்துவிட்டு, நேரத்தைக்கூட எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டார். நான் கோப்பைத் திறந்து படிவத்தையும் சீட்டையும் கொடுத்தேன். படிவத்தின் அடியில் கிராணி என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

“செவ்வாய்க்கெழம கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா. அஞ்சு நாளு. அங்க உள்ள இருக்கிறவருக்கு அஞ்சு நாளுன்னா என்னான்னு தெரியுமா?” என்றார் ஷாந்தினி.

ஐந்து நாள் என்பது சரி. நாற்பது ஆண்டுகள் இரண்டு மாதங்களும் உண்டு என்று நான் சொல்ல நினைத்தேன்.

காவல் நிலையத்திலிருந்து அன்று வீடு திரும்பியபோது மாலை 7.15. கைபேசியில் வாணியின் அழைப்பு ஒன்று 6.02க்கு வந்து தவறியிருந்தது. நான் திருப்பி அழைக்கவில்லை. என்னவென்று தொடங்குவது எனத் தெரியவில்லை.

இப்புகார் தொடர்பாக எனக்கு எதிர்வாதம் எதுவும் இல்லை. சட்டப்படி என்ன உண்டோ அதை ஏற்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வாக்குமூலத்தின் முத்திரையிட்ட நகல் ஒன்று இன்றைக்கே எனக்கு வேண்டும். இது பிறப்புச் சான்று ஆகாது என்று சார்ஜன் விளக்கினார். எனக்கும் தெரியும். நாளை 18.10.2024 காலை ஒன்பது மணிக்கு ஷாந்தினியுடன் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போகிறேன். அதன் பின்னர் வழக்கறிஞரிடம். 28ஆம் தேதி விசாரணையில் நேரில் நின்று, காந்தன் த/பெ காளிமுத்து எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், எந்த நாளில் பிறந்தார் என்றும், ஏன் பதியப்படவில்லை என்றும், யாரால் என்றும் சொல்வேன். தேதி எட்டா ஒன்பதா என்று கேட்டால், இரண்டும் ஒரே இரவுதான் என்பேன். அதை 18.8.1984 அன்றே நான் அறிவேன்.

பிற்பகல் 12.50க்குச் சார்ஜன் மேற்கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஏதாவது திருத்தம் உண்டா என்று கேட்டார். ஒன்று உண்டு என்றேன்.

தொடக்கத்தில் என் பிறந்த நாளைப் பற்றி நான் குறிக்கச் சொன்னதன் காரணம் இது: 1968இல் தோட்ட மருந்தகத்தின் பழைய பதிவேட்டில் என் பிறப்பு 12.6.1947 வியாழன், காலை 3.40 என்று இருப்பதைக் கண்டேன். என் தகப்பனார் சின்னையா, ரப்பர் பால் வெட்டியவர், அக்காலத்துப் பெரிய கிராணியிடம் புதன்கிழமை என்று சொல்லியிருக்கிறார். விடியவில்லை அல்லவா. அந்தக் கிராணி மருந்தகப் பதிவேட்டைப் பார்க்காமலோ, பார்த்தும் பொருட்படுத்தாமலோ, என் தகப்பனார் சொன்னதை எழுதி உரிய நாளுக்குள் அனுப்பிவிட்டார். அவரைக் கவனக்குறைவானவர் என்று ஐம்பத்தாறு ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். அவர் எழுதி அனுப்பிய தாளின் பேரில்தான் எனக்குப் பள்ளிக்கூடம், அடையாள அட்டை, அலுவலக வேலை, வீடு எல்லாம் கிடைத்தன.

தொடக்கத்தில் உள்ள அந்தக் குறிப்பை எடுத்துவிட வேண்டும் என்றேன். பதிவானதை நீக்க முடியாது, வேண்டுமானால் அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் இடலாம் என்றார் சார்ஜன். “எது ஐயா சரியான தேதி?” என்று கேட்டார். அடையாள அட்டையில் இருப்பது சரி என்றேன். ‘அது பிழை’ என்பது முதலான மூன்று வாக்கியங்களையும் என் பேனாவால் அடித்துச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

இதில் உள்ளவை யாவும் நான் என் வாயால் சொன்னவை. எவரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. அடித்தவை போக மீதியெல்லாம் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

தங்கராஜு த/பெ சின்னையா
பிறந்த நாள்: 11.6.1947
பிற்பகல் 1.05